வாசகர் கேள்வி பதில்: மகளைத் திருப்பி அனுப்புவதற்கு முன்

குடும்ப வன்முறை பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் இங்கே பதில் எழுதுகிறார். எழுதியவர்களின் பாதுகாப்பைக் கருதி, பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். கடையில் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கூலியை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். மகளிர் உரிமைத் தொகை வரும் ஏ.டி.எம். கார்டும் அவரிடம்தான். இலை வாங்கப் போய்த் திரும்ப நேரமானால், யாரோடு நின்று பேசினாய் என்று தெருவே கேட்கும்படி ஏசுவார். அம்மாவுக்குப் போன் செய்தால் போனைப் பிடுங்கி எறிவார். ஆனால் இதுவரை அடித்ததில்லை. அடிக்காத மனுஷனைக் குறை சொல்லலாமா என்று மாமியார் கேட்கிறார்கள். இதுவும் வன்முறையா?
— வாசகி, முக்கூடல்

பதில்: ஆம், இதுவும் வன்முறைதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடலைத் துன்புறுத்துவது, பாலியல் கொடுமை, சொல்லாலும் நடத்தையாலும் மனத்தைத் துன்புறுத்துவது, பொருளாதாரக் கொடுமை ஆகிய நான்கையும் அந்தச் சட்டம் குடும்ப வன்முறை என்றே கொள்கிறது. உடம்பில் தழும்பு இருந்தால்தான் மனுக் கொடுக்கலாம் என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. சுளகை மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் நீங்கள் சுற்றிய பீடிக்கான கூலியை உங்கள் கைக்கு வரவிடாமல் செய்வதும், உங்கள் நகையை உங்களைக் கேட்காமல் அடகு வைப்பதும், வீட்டுச் செலவுக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கையேந்த வைப்பதும் பொருளாதாரக் கொடுமையில் அடங்கும். தாய் வீட்டோடு பேசவிடாமல் தடுப்பதும், நடத்தையைப் பற்றித் தெருவில் நின்று ஏசுவதும் மனத்தைத் துன்புறுத்துவதில் அடங்கும்.

மாமியாரின் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அடியோடு வந்த பெண்களிடம் முதலில் என்ன நடந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் உங்கள் கடிதத்தில் உள்ளவையே வருகின்றன: முதலில் காசு போயிற்று, பிறகு போன் போயிற்று, பிறகு பிறந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது. கையில் காசும் பேச ஆளும் இல்லாத நிலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்த பிறகு அடிப்பதற்கு எந்தத் தடையும் இருப்பதில்லை. எல்லாக் கணவர்களும் அடுத்த படிக்குப் போவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில், உங்கள் ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது கணவரின் எண்ணாக இருந்தால், வங்கிக் கணக்கு, பி.எஃப். ஆகியவற்றுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்கே போகும். ஆதார் மையத்துக்கு நீங்களே நேரில் சென்று எண்ணை மாற்றிக்கொள்ள முடியும். பிறகு அஞ்சலகத்திலோ வேறொரு வங்கியிலோ உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி, கூலியை அதில் வரவு வைக்குமாறு கேளுங்கள். ஆனால் இதை எப்போது, எப்படிச் செய்தால் வீட்டில் உங்களுக்கு ஆபத்து வராது என்பதை நீங்கள்தான் நிதானித்து முடிவு செய்ய வேண்டும். அவர் போக்கை உங்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை. பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 181 என்ற மகளிர் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

கேள்வி: வக்கீலம்மா, என் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு பேத்தி இருக்கிறாள். தை மாதம் பொங்கப்படி கொண்டுபோனபோது பித்தளைப் பானையை இடது கையால் வாங்கினாள். நல்ல நாளும் அதுவுமாக இடக்கையை நீட்டுகிறாயே என்று நான் சத்தம் போட்டேன். வலது கையைத் தூக்க முடியாமல்தான் அப்படி வாங்கினாள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது மூன்றாவது தடவையாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவை கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும், பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோர்ட், போலீஸ் என்று போனால் அவள் வாழ்க்கையே முடிந்துவிடாதா? ஊரில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா?
— வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: அம்மா, மற்றவற்றைப் பிறகு பேசலாம், முதலில் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கழுத்தை நெரித்ததைச் சாதாரண அடியோடு சேர்த்து எண்ணக் கூடாது. கழுத்தில் வெளிப்படையாக ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இரத்தக் குழாயும் மூச்சுக் குழாயும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பாதிப்பு சில மணி நேரமோ சில நாளோ கழித்து வெளிப்படலாம். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போயிற்றா, நடந்தவற்றில் ஏதேனும் நினைவில்லாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். என்ன நடந்தது, யார் செய்தது என்பதை உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, அந்த ஏ.ஆர். காப்பியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டாள் என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிட்டால், பிறகு நீதிமன்றத்தில் உங்கள் மகளுக்கு எதிராக நிற்பது அந்த வரிதான்.

ஒரு முறை கழுத்தை நெரித்த கணவன் பின்னாளில் மனைவியைக் கொல்லும் ஆபத்து பல மடங்கு கூடுதல் என்று, கொலையில் முடிந்த குடும்ப வன்முறைகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான், பேசி அனுப்பிவிடலாம் என்ற யோசனையை இந்த முறை ஏற்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுதி வாங்குவதைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடமும் கொழுந்தனாரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெரியவர்கள், சாதிச் சங்கத்தார், ஜமாத்தார், சபைக் குருவானவர் என்று யார் முன்னிலையில் எழுதி வாங்கினாலும், இனி அடிக்க மாட்டேன் என்ற அந்தக் காகிதத்தை அவர் மீறினால் அந்த மீறலுக்கென்று தண்டனை கிடையாது. மறுபடி ஒரு பஞ்சாயத்துத்தான் கூடும். அதே உறுதிமொழியை மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணையாகப் பிறப்பித்திருந்தால், அதை மீறுவதே குற்றம். ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். காவல் துறை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். பெரியவர்களின் நல்லெண்ணத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை முடிந்து பந்தியில் சாப்பிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, இரவில் அந்த வீட்டில் உங்கள் மகள் தனியாகத்தான் இருப்பாள். பெண் வீட்டார் சமாதானத்தோடு சேர்த்து ஒரு மோதிரமோ பாத்திரமோ கொடுத்து அனுப்பும் பழக்கம் வேறு நம் பக்கத்தில் இருக்கிறது. அடித்ததற்கு மரியாதை கிடைத்தது என்றுதான் அவருக்கு அதிலிருந்து தெரிகிறது. மூன்று தடவை வந்தவள் நான்காவது தடவை வராமலே இருந்துவிடக்கூடும்; அது பிரச்சினை தீர்ந்ததற்கு அடையாளமாக இராது.

வாழ்க்கை முடிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றம் என்றதும் விவாகரத்தும் சிறையும்தான் நம் மக்களுக்கு நினைவு வருகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரண்டுக்குமாக எழுதப்பட்டதன்று. திருமணம் நீடிக்கும்போதே, அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரக் கூடாது என்று ஆணை கேட்கலாம். குடியிருந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்க வசிப்பிட ஆணை கேட்கலாம்; தேவைப்பட்டால் அவரை வெளியேறச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். மருத்துவச் செலவு, மாதாந்திரச் செலவு, குழந்தையின் பொறுப்பு, நகையையும் சீர்ப் பொருளையும் திரும்பத் தருவது ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு அதில் என்ன உரிமை என்று கேட்பார்கள். மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் அவளுக்கு வசிக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்கு வருஷம் பொறுத்துவிட்டு இப்போது வருகிறாயே என்ற கேள்விக்கும் இடமில்லை; இந்த மனுவுக்கு ஓராண்டுக் காலவரையறை பொருந்தாது என்று, நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மாப்பிள்ளையின் ஊர் எதுவாக இருந்தாலும், மகள் இப்போது உங்களோடு தங்கியிருப்பதால் அம்பாசமுத்திரத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தைச் சார்ந்த பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்தவற்றைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவருடைய கடமை. அதற்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால், வருமானம் எவ்வளவு என்று பாராமலே பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மனுக் கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுத்துக்கொண்டு போகிறது என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் இடைக்கால ஆணை வேண்டுமென்று முதல் நாளிலேயே கேட்க வேண்டும். கழுத்தை நெரித்ததற்கு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். நீங்கள் கூட நில்லுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும்தானா என்று கேட்டீர்கள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். உங்கள் மகள் மூன்று தடவை உங்களிடம் வந்து கேட்டிருக்கிறாள். இளையவளின் வரனைப் பொறுத்தவரை, அக்காள் அடிபட்டுத் திரும்பிவந்ததைக் குறையாகப் பேசும் குடும்பத்தில் அவளைக் கொடுக்காமல் இருப்பதே அவளுக்கும் நல்லது.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று இரவு பாத்திரம் உருளும் சத்தமும் அந்தப் பெண்ணின் அழுகையும் கேட்கின்றன. காலையில் ஒன்றும் நடக்காதது போல வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் தலையிட்டால் நம் மேலேயே கேஸ் போட்டுவிடுவார்கள் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கேஸ் வரும் என்ற பயம் வேண்டாம். குடும்ப வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்றும், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் கூடாது என்றும் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது.

சத்தம் கேட்கும் அந்த நேரத்தில் காலிங் பெல்லை அழுத்துங்கள். தனியாகப் போகாமல் கணவரையோ எதிர் வீட்டுக்காரரையோ சேர்த்துக்கொண்டு போய், மோட்டார் சாவி இருக்கிறதா, உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எதையாவது கேளுங்கள். விசாரணை செய்ய வேண்டியதில்லை. வெளியே ஆள் விழித்திருக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தாலே பல நேரம் ஓங்கிய கை இறங்கிவிடுகிறது. கத்தியோ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கையில் இருப்பதாகத் தெரிந்தால் நடுவே போகாதீர்கள். உடனே 112க்கு அழையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கேட்டது என்று ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள். நாளைக்கு அவள் மனுக் கொடுத்தால் அந்தக் குறிப்பு உதவும்.

அதைவிட முக்கியம், அவளிடம் பேசுவது. அவர் வேலைக்குப் போன பிறகு, கீரைக்காரம்மா வரும் நேரத்திலோ துணி காயப்போடும் நேரத்திலோ, "ராத்திரி சத்தம் கேட்டது, உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஏன் இன்னும் இங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். காசு, குழந்தையின் பள்ளிக்கூடம், தங்கையின் கல்யாணம், போனால் கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் என்று அதற்கு ஆயிரம் காரணங்கள் அவளிடம் இருக்கும். ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறத் துணியும் சமயத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் என்பதால், அவள் தயங்குவதை அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நாள் அவள் ஒன்றும் இல்லை அக்கா என்று சொல்வாள். மூன்று மாதம் கழித்து வந்து பேசுவாள். அதுவரை நீங்கள் மாறாமல் இருக்க வேண்டும். அவள் இசைந்தால், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை உங்கள் வீட்டில் வைத்திருங்கள். புளி கொஞ்சம் கிடைக்குமா என்று போனில் கேட்டால் 112க்கு அழைக்க வேண்டும் என்று உங்களுக்குள் ஒன்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். சுற்றிச் சுற்றி அது அவர் காதுக்குத்தான் போகும்.

கேள்வி: இந்தச் சட்டங்களை வைத்துப் பொய் வழக்குப் போட்டு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் அலைக்கழிப்பதும் நடக்கிறதே?
— வாசகர், ஆலங்குளம்

பதில்: நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அதற்கான தடுப்பும் இருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள இத்தகைய குற்றங்களில் புகார் வந்தவுடன் எந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. கணவரைத் தவிர மற்ற உறவினர் மீது பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளை நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்துவருகின்றன. ஆனால் உதவி கேட்டு வெளியே வராத பெண்கள் எத்தனை பேர் என்பதை மேலே சொன்ன கணக்கில் பாருங்கள். புகார் கொடுத்தவரைவிடக் கொடுக்காதவரே பன்மடங்கு அதிகமாக இருக்கும் இடத்தில், என் கவலை அவர்களைப் பற்றியது.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்கப் போகும்போது சிலரிடம் சந்தேகம் வருகிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.
— வாசகி, ராதாபுரம் வட்டம்

பதில்: உங்களைப் போன்றவர்களால் பல உயிர்களைக் காக்க முடியும். ஏனென்றால், சந்தேகம் எழாமல் எல்லா வீட்டுக்குள்ளும் போகக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். கர்ப்ப காலத்தில் வன்முறை தொடங்குவதும் கூடுவதும் உண்டு. ஒரே உடம்பில் புதியதும் பழையதுமாக வெவ்வேறு நிறத்தில் கன்றிய இடங்கள், புடவைக்குள் மறையக்கூடிய முதுகு, வயிறு, மேற்கை ஆகிய இடங்களில் காயம், சொல்லும் காரணத்தோடு ஒட்டாத காயம், பரிசோதனைக்கு வராமல் தள்ளிப்போடுவது, நீங்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு பதில் சொல்வது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

கேட்பதென்றால் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்க வேண்டும். மற்றவர் காதில் விழுந்தால் அன்றிரவே அவளுக்கு அடி விழும். எடை பார்க்க வேண்டும், வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இதைக் கேட்பேன், வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா?" என்று நேராகக் கேளுங்கள். சுற்றிவளைத்துக் கேட்டால் பதிலும் சுற்றிவளைத்துத்தான் வரும். சொன்னால் நம்புங்கள், இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், 181 என்ற எண்ணை மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவையுங்கள், காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாம். குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்பதைக் காரணம் காட்டி மருத்துவமனை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதும், தேவையானால் மருத்துவமனையே அந்த அறிக்கையை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்ட விதிகளில் இருக்கின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். தங்க இடமும் சிகிச்சையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் அங்கிருந்து அனுப்பிவைக்கலாம்.

கேள்வி: எனக்குக் கோபம் வந்தால் கை நீண்டுவிடுகிறது. குடித்திருந்தால் இன்னும் அதிகம். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. போன வாரம் நான் கையை ஓங்கியதும் என் ஐந்து வயது மகன் கதவுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எங்கள் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். இதை நிறுத்த முடியுமா?
— வாசகர், பேட்டை

பதில்: தம்பி, முடியும். ஆனால் கை தானாக நீண்டுவிடுவதாக எண்ணிக்கொண்டிருக்கும் வரை முடியாது. வேலை இடத்தில் மேஸ்திரி ஏசும்போதும், பஸ்ஸில் கண்டக்டர் மரியாதையில்லாமல் பேசும்போதும் உங்களுக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் கை நீள்வதில்லை. வீட்டுக்குள், கதவைச் சாத்திய பிறகு, திருப்பி அடிக்க முடியாதவள் மேல் மட்டும் நீள்கிறது என்றால், எங்கே அடக்க வேண்டும், எங்கே அடக்க வேண்டாம் என்பதை நீங்கள்தான் தேர்ந்துகொள்கிறீர்கள். குடியும் அப்படித்தான். அது அடியைப் பலமாக்கும், அடிக்கடி ஆக்கும். குடிக்காமலே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் குடியையும் விட வேண்டும், அடியையும் விட வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது தானாக நின்றுவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

உடம்பு சூடேறுவது, பல்லைக் கடிப்பது, குரல் உயர்வது ஆகியவை உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நிலையிலேயே பேச்சை நிறுத்தி, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடுங்கள். வண்டியை எடுக்காதீர்கள், கடைப் பக்கம் போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிக்கும் சிகிச்சை உண்டு, கோபத்துக்கும் ஆலோசனை உண்டு. போவதற்குக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண். உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கலாம், மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது. அவள் தாய் வீட்டில் சில காலம் இருக்க விரும்பினால் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். அவள் புகார் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். நீங்கள் மாறியிருக்கிறீர்களா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவள் அவள்.

உங்கள் மகனைப் பற்றி எழுதிய வரியை நான் பல முறை படித்தேன். அடியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தன் மேல் அடி விழாவிட்டாலும், தூக்கத்திலும் படிப்பிலும் பேச்சிலும் பாதிப்பு வருகிறது. பெரியவனானால் அவனும் அடிப்பான் என்பது விதியன்று; அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்து, ஒருநாளும் கை ஓங்காத ஆண்களை எனக்குத் தெரியும். உங்கள் மகனிடம், அப்பா செய்தது தப்பு, அம்மா மேல் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை என்று அவன் அம்மா இருக்கும்போதே சொல்லுங்கள். உங்கள் அப்பா உங்களிடம் அதைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு வயது 70. என்னைப் பார்த்துக்கொள்வேன் என்று பத்திரத்திலேயே எழுதி வீட்டை வாங்கிக்கொண்ட மகன், இப்போது பென்ஷன் பணத்தைக் கேட்டு அடிக்கிறான். பெற்ற மகன் மேல் எந்தச் சட்டத்தில் போவது?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: ஆச்சி, 2005ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று, ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை எல்லோருக்கும் உரியது. ஆகவே மகன் மீதும் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அதோடு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என்று அறிவிக்க அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். உங்கள் ஊரிலேயே உள்ள சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. பத்திரத்தின் நகல், பென்ஷன் புத்தகம், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு செல்லுங்கள். நடக்க முடியாத நிலையில் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் சொன்னால் வழிகாட்டுவார்கள். இன்று இரவு அந்த வீட்டில் இருப்பதற்குப் பயமாக இருந்தால், மனுவுக்கு முன்னால் மகள் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்விடுங்கள். வெளியே தங்கியிருந்ததால் உங்கள் உரிமை எதுவும் குறைந்துவிடாது.